தீர்க்கதரிசன புத்தகம் ஒன்றைப் புரிந்து வாசிப்பது எப்படி? ஆகாயை வைத்து முழுமையான வழிகாட்டி

சங்கீதமும் சுவிசேஷங்களும் நன்றாகப் பழகியவர்கள்கூட ஏசாயாவுக்கு அப்புறம் உள்ள பக்கங்களில் திணறுகிறார்கள். ஜனவரியில் ஆதியாகமத்தில் தொடங்கி வருஷத்துக்குள் வேதத்தை முடிக்கத் திட்டம் போட்ட பலர் எரேமியாவில் நின்றுவிடுவதை எங்கள் வேதபாட வகுப்பில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதற்குக் காரணம் விசுவாசக் குறைவு இல்லை. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எப்போது பேசுகிறார் என்று தெரியாமல் நடுவிலே நுழைவதுதான்.

பழகுவதற்கு ஆகாய் என்ற சிறிய தீர்க்கதரிசன புத்தகத்தை எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். இரண்டே அதிகாரம், 38 வசனம். எந்தச் செய்தி எந்த நாளில் வந்தது என்று புத்தகமே சொல்லிவிடுகிறது. பின்னணி முழுவதும் எஸ்றாவில் கிடைக்கிறது. இங்கே பழகிய முறையை ஆமோஸுக்கும் எரேமியாவுக்கும் அப்படியே கொண்டுபோகலாம். கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஒன்றின் பலன் அடுத்ததில்தான் தெரியும்.

தொடங்கும் முன் என்னென்ன வேண்டும்

இரண்டு மொழிபெயர்ப்புகள் வேண்டும். சபைகளில் பரவலாக வாசிக்கும் பழைய திருப்புதல் 1871-ல் வந்தது. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தின் தமிழ் இன்றைய தமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒன்றில் வரி பிடிபடவில்லை என்றால் மற்றதைப் பாருங்கள். பெயர்கள் கொஞ்சம் மாறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சகரியா அங்கே செக்கரியா, மல்கியா அங்கே மலாக்கி.

ஓரத்தில் இணைவசனங்கள் அச்சிட்ட ரெஃபரன்ஸ் பைபிள் ஒன்று இருந்தால் நல்லது. நோட்டு, பென்சில், இரண்டு நிறப் பேனா. விளக்கவுரைப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம், யூடியூப் பிரசங்கமும் வேண்டாம். அவற்றுக்குக் கடைசியில் இடம் இருக்கிறது. முதலிலேயே திறந்தால் வேறொருவர் கண்ணால்தான் வசனத்தைப் பார்ப்பீர்கள்.

1. காலவரிசையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

வேதத்தில் தீர்க்கதரிசன புத்தகங்கள் கால வரிசையில் அடுக்கப்படவில்லை. பெரிய புத்தகங்கள் முதலில், சிறியவை பின்னால் வருகின்றன. இதைத் தெரியாமல் தொடர்ச்சியாக வாசிக்கிறவர்கள், எசேக்கியேலில் விழுந்துபோன எருசலேம் மீகாவில் எப்படி நிற்கிறது என்று குழம்புவார்கள்.

நோட்டில் ஒரு நீளக் கோடு போட்டு நான்கு இடங்களைக் குறியுங்கள். கி.மு. 722, அசீரியரிடம் சமாரியா விழுந்தது. கி.மு. 586, பாபிலோனியரிடம் எருசலேமும் சாலொமோன் கட்டிய ஆலயமும் விழுந்தன. கி.மு. 538, யூதர்கள் திரும்பிப் போகலாம் என்று பெர்சிய ராஜா கோரேசு கட்டளையிட்டார். கி.மு. 520, ஆகாய் பேசினார். (சில புத்தகங்களில் ஓராண்டு முன்பின் இருக்கும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.)

இப்போது பெயர்களை நிரப்புங்கள். ஆமோஸும் ஓசியாவும் சமாரியா விழுமுன் வடக்கே பேசியவர்கள். ஏசாயாவும் மீகாவும் அதே நூற்றாண்டில் யூதாவில். செப்பனியா, ஆபகூக், எரேமியா மூவரும் எருசலேமின் கடைசிக் காலத்தில். எசேக்கியேலும் தானியேலும் பாபிலோனில். ஆகாயும் சகரியாவும் திரும்பி வந்த பிறகு, மல்கியா அவர்களுக்கும் பிறகு. யோவேல், ஒபதியா எந்தக் காலம் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை, பென்சிலில் எழுதுங்கள்.

இன்னொரு சிக்கலையும் இங்கேயே தீர்த்துவிடலாம். சாலொமோனுக்குப் பிறகு ராஜ்யம் இரண்டாகப் பிரிந்தது. எப்பிராயீம், சமாரியா என்றால் வடக்கு. யூதா, எருசலேம், சீயோன் என்றால் தெற்கு. ‘இஸ்ரவேல்’ என்ற பெயர் சில இடத்தில் வடக்கை மட்டும் குறிக்கும், சில இடத்தில் முழு ஜனத்தையும் குறிக்கும். சுற்றியுள்ள வசனங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

2. ஆகாயைத் திறக்குமுன் எஸ்றா 3 முதல் 6 வரை வாசியுங்கள்

தீர்க்கதரிசி தன் காலத்து ஜனங்களிடம் பேசுகிறார். நடந்தது என்ன என்று அவர்களுக்குத் தெரியும், ஆகவே அவர் விளக்குவதில்லை. நமக்குத் தெரியாது. அதை எஸ்றா சொல்கிறது.

திரும்பி வந்தவர்கள் முதலில் பலிபீடத்தைக் கட்டினார்கள். இரண்டாம் வருஷத்தில் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டார்கள். பழைய ஆலயத்தைப் பார்த்திருந்த முதியவர்கள் அப்போது சத்தமிட்டு அழுதார்கள் (எஸ்றா 3:12). பிறகு எதிர்ப்பு வந்தது, வேலை நின்றது. சுமார் 16 வருஷம் அஸ்திபாரம் அப்படியே கிடந்தது. எஸ்றா 5:1-ல் ஆகாயும் சகரியாவும் வருகிறார்கள்.

4-ஆம் அதிகாரத்தில் மட்டும் கவனமாக இருங்கள். 4:6 முதல் 4:23 வரை அகாஸ்வேரு, அர்தசஷ்டா என்ற பிந்திய ராஜாக்களின் காலத்தில் நடந்த எதிர்ப்புகள் இடையில் சேர்க்கப்பட்டுள்ளன. 4:24-ல்தான் கதை மீண்டும் பெர்சிய ராஜா தரியுவின் இரண்டாம் வருஷத்துக்கு வருகிறது. புதிதாக வாசிக்கிறவர்கள் வழி தவறும் இடம் இது. அந்தப் பகுதியைப் பென்சிலால் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுத் தாண்டுங்கள்.

3. ஒரே மூச்சில், சத்தமாக வாசியுங்கள்

இப்போது ஆகாய். இரண்டு அதிகாரத்தையும் நிறுத்தாமல் வாய்விட்டு வாசியுங்கள். பத்து நிமிஷம்கூட ஆகாது. அடிக்கோடு போடாதீர்கள்.

அடிக்கோடு வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. ‘பிந்தின ஆலயத்தின் மகிமை பெரிதாயிருக்கும்’ என்ற 2:9, ‘நான் இன்றுமுதல் உங்களை ஆசீர்வதிப்பேன்’ என்ற 2:19, இவை புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் நாம் ஏற்கனவே பார்த்த வசனங்கள். கண் தானாக அங்கே ஓடும். மீதி 36 வசனங்கள் அந்த இரண்டுக்கும் முன்னுரையாகச் சுருங்கிவிடும். முதல் வாசிப்பில் எல்லா வசனமும் ஒரே உயரத்தில் நிற்கட்டும்.

4. தேதிகளை வட்டமிட்டுப் புத்தகத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்

அதிகாரப் பிரிவுகள் பிற்காலத்தில் வந்தவை. ஆகாயின் உண்மையான பிரிவுகள் அதன் தேதிகளே. ஒரு நிறப் பேனாவால் அவற்றை வட்டமிடுங்கள். 1:1-ல் ஆறாம் மாதம் முதல் தேதி. 1:15-ல் அதே மாதம் 24. 2:1-ல் ஏழாம் மாதம் 21. 2:10-லும் 2:20-லும் ஒன்பதாம் மாதம் 24. எல்லாமே தரியுவின் இரண்டாம் வருஷம். முழுப் புத்தகமும் நான்கு மாதத்துக்குள் முடிந்துவிடுகிறது.

‘ஆறாம் மாதம்’ என்றதும் ஜூன் என்று எழுதுகிறவர்கள் வகுப்பில் எப்போதும் இருக்கிறார்கள். அந்த மாதங்கள் பஸ்கா வரும் வசந்த காலத்திலிருந்து எண்ணப்படுகின்றன. ஆறாம் மாதம் ஆகஸ்ட்–செப்டம்பர், ஏழாம் மாதம் செப்டம்பர்–அக்டோபர், ஒன்பதாம் மாதம் நவம்பர்–டிசம்பர். இதைத் திருத்தி எழுதியவுடன் புத்தகம் வேறு மாதிரி திறக்கும்.

முதல் செய்தி வந்தபோது தானிய அறுவடை முடிந்துவிட்டது, திராட்சையும் அத்தியும் சேர்க்கும் காலம். விளைச்சல் எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரிந்த நேரம். ‘திரளாய் விதைத்தும் கொஞ்சமாய் அறுத்துக்கொண்டுவருகிறீர்கள்’ (1:6) என்றபோது கேட்டவர்களின் களஞ்சியமே சாட்சி. மூன்று வாரம் கழித்து, 24-ஆம் தேதி, வேலை தொடங்கியது. தீர்க்கதரிசியின் பேச்சைக் கேட்டு ஜனங்கள் இவ்வளவு சீக்கிரம் கீழ்ப்படிந்த இடங்கள் வேதத்தில் அதிகம் இல்லை.

இரண்டாம் செய்தியின் தேதி இன்னும் அருமையானது. கூடாரப்பண்டிகை ஏழாம் மாதம் 15-ல் தொடங்கி ஏழு நாள் நடக்கும் என்று லேவியராகமம் 23 சொல்கிறது. அப்படியானால் 21 அதன் ஏழாம் நாள். 1 இராஜாக்கள் 8:2-ஐத் திறந்து பாருங்கள். சாலொமோன் தன் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தது இதே ஏழாம் மாதத்துப் பண்டிகையில்தான். எருசலேம் நிறையக் கூட்டம், நடுவில் ஒரு மாதம்கூட ஆகாத கட்டட வேலை. கி.மு. 586-க்கும் 520-க்கும் இடையே 66 வருஷம். சிறுவயதில் பழைய ஆலயத்தைப் பார்த்தவர்கள் எழுபதைத் தாண்டிய முதியவர்களாக அங்கே நின்றிருக்கலாம். ‘முந்தின மகிமையைக் கண்டவர்களில் மீந்திருக்கிறவர்கள் யார்’ என்ற 2:3-இன் கேள்வி அவர்களை நோக்கியது. ‘திடன்கொள்’ என்ற வார்த்தை அடுத்த வசனத்தில் ஏன் மூன்று முறை வருகிறது என்று இப்போது விளக்கம் தேவைப்படாது.

ஒன்பதாம் மாதம் மழைக்காலம். விதை மண்ணில் இருக்கிறது. திராட்சை, அத்தி, மாதளை, ஒலிவ மரங்கள் இன்னும் பலன் தரவில்லை என்று 2:19 சொல்கிறது. அந்த நிலைமையில் வருகிறது ‘இன்றுமுதல் உங்களை ஆசீர்வதிப்பேன்’. கண்ணுக்கு ஒரு கதிர்கூடத் தெரியாத டிசம்பர் மாதத்தில் சொல்லப்பட்ட வார்த்தை அது. அட்டையில் தனியாக நிற்கும்போது இந்த கனம் தெரியாது. தேதியைச் சேர்த்துப் படித்தால் விசுவாசத்துக்கு அது இன்னும் அதிகமாகத் துணை நிற்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

5. யார், யாரிடம்?

இரண்டாவது நிறப் பேனாவை எடுங்கள். ஒவ்வொரு பேச்சின் ஓரத்திலும் பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார் என்று எழுதுங்கள். 1:2-ல் ‘ஆலயத்தைக் கட்டுகிறதற்கு ஏற்ற காலம் இன்னும் வரவில்லை’ என்பது ஜனங்களின் பேச்சு. கர்த்தர் அதை எடுத்துச் சொல்லிப் பதில் கேட்கிறார். 2:12, 13-ல் பதில் சொல்கிறவர்கள் ஆசாரியர்கள். கடைசிச் செய்தி (2:20–23) யூதாவின் தலைவனான செருபாபேல் என்ற ஒரே மனிதருக்கு.

இந்தப் படியைத் தாண்டினால் ‘உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன்’ என்ற 2:23-ஐ வாசகர் தன் பெயருக்கு எழுதிக்கொள்வார். செருபாபேலுக்கு அது ஏன் சொல்லப்பட்டது என்பதோ கேட்கப்படாமலே போகும். எரேமியா 22:24-ஐப் பாருங்கள். கோனியா என்ற ராஜா தம் வலதுகையின் முத்திரை மோதிரமாக இருந்தாலும் கழற்றி எறிவேன் என்கிறார் கர்த்தர். யோயாக்கீன், எகொனியா என்றும் அழைக்கப்படும் அந்தக் கோனியாவின் பேரன்தான் செருபாபேல். தாத்தாவோடு கழற்றி எறியப்பட்ட மோதிரம் பேரனோடு மறுபடி கைக்கு வருகிறது. மத்தேயு 1:12-ல் இந்த இரண்டு பெயர்களும் இயேசுவின் வம்ச வரலாற்றில் இருக்கின்றன. யாருக்குச் சொன்னது என்று கேட்டதால் கிடைத்தது இவ்வளவும்.

6. நியாயப்பிரமாணத்தைத் தேடுங்கள்

தீர்க்கதரிசிகள் பெரும்பாலும் புதிய சட்டம் கொண்டுவருவதில்லை. மோசேயின் உடன்படிக்கையை நினைவூட்டுகிறார்கள். ஆகவே ரெஃபரன்ஸ் பைபிளின் ஓரத்தில் உள்ள உபாகமம், லேவியராகமம், எண்ணாகம வசனங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

அதிகம் விதைத்துக் கொஞ்சம் அறுப்பது, உபாகமம் 28:38-ல் உடன்படிக்கை மீறலுக்குச் சொல்லப்பட்ட விளைவு. ஆகாய் அதைக் கிட்டத்தட்ட அதே சொற்களில் எடுக்கிறார். கேட்டவர்களுக்கு அந்த எதிரொலி புரிந்திருக்கும்.

2:10–14 பகுதியைப் பலர் புரியாமல் தாண்டுவார்கள். பரிசுத்த மாம்சத்தைத் துணியில் கட்டிக்கொண்டு போகிறவரின் துணி வேறு உணவில் பட்டால் அந்த உணவு பரிசுத்தமாகுமா? ஆகாது என்கிறார்கள் ஆசாரியர்கள். பிணத்தைத் தொட்டுத் தீட்டானவர் தொட்டால்? தீட்டாகும். எண்ணாகமம் 19-ஐ வாசித்தால் இந்தப் பதில் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். ஆலய வேலையில் கை வைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் பரிசுத்தமாகிவிடும் என்று நினைக்காதீர்கள் என்பதே அந்தக் கேள்வியின் நோக்கம். கட்டட வேலை மும்முரமாக நடக்கும் சபைக்கு இதைவிடத் தேவையான பகுதி ஆகாயில் இல்லை.

7. அன்று, கிறிஸ்துவில், இன்று: இந்த வரிசையில் கேளுங்கள்

ஒவ்வொரு செய்திக்கும் நோட்டில் மூன்று பத்தி எழுதுங்கள். முதல் பத்தி, கி.மு. 520-ல் அங்கே நின்றவர் இதை எப்படிக் கேட்டிருப்பார். இரண்டாவது, புதிய ஏற்பாடு இதை எங்கே எடுக்கிறது. மூன்றாவது, இன்று எனக்கும் என் சபைக்கும் என்ன. மூன்றாவதை முதலில் எழுதினால் மற்ற இரண்டும் அதற்கு ஏற்றபடி வளைந்துவிடும்.

2:6–9-ஐ வைத்துச் செய்து பாருங்கள். அன்று: கையில் வெள்ளியும் பொன்னும் இல்லாத ஜனம், சாலொமோனின் மகிமையோடு ஒப்பிட்டுச் சோர்ந்து நிற்கிறது. ‘வெள்ளியும் என்னுடையது, பொன்னும் என்னுடையது’ என்பது அவர்களுக்கு ஆறுதல்: இல்லையே என்று கலங்காதீர்கள், எல்லாம் என்னுடையது. கிறிஸ்துவில்: வானத்தையும் பூமியையும் அசையப்பண்ணுவேன் என்ற வார்த்தையை எபிரெயர் 12:26 எடுத்து, அசையாத ராஜ்யத்தைப் பற்றிப் பேசுகிறது. யோவான் 2:21-ல் இயேசு தம் சரீரத்தையே ஆலயம் என்கிறார். ஆகாய் கட்டச் சொன்ன அந்த ஆலயம் பிறகு ஏரோதால் பெரிதாக்கப்பட்டது, அதன் பிராகாரத்தில்தான் இயேசு நடந்தார், கி.பி. 70-ல் ரோமர்கள் அதை அழித்தார்கள். மகிமை எதில் நிறைவேறியது என்பதில் சபைகளுக்குள் வெவ்வேறு விளக்கங்கள் உண்டு. உங்கள் போதகரிடம் கேளுங்கள், ஆனால் முதல் பத்தியை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இன்று என்று வரும்போது ஒரு எச்சரிக்கை. ஆலயக் கட்டட நிதி திரட்டும் கூட்டங்களில் 1:4-உம் 2:8-உம் காணிக்கைக்கான வசனங்களாக வாசிக்கப்படுவதைக் கேட்டிருப்பீர்கள். ஆகாயை முழுதாக வாசித்துப் பாருங்கள், எங்கேயும் பணம் கேட்கவில்லை. மலைக்குப் போய் மரம் வெட்டிக்கொண்டு வாருங்கள், கட்டுங்கள் என்கிறார் (1:8). முதலில் கண்டிக்கப்படுகிறவர்கள் தலைவனும் பிரதான ஆசாரியனும். ‘வெள்ளியும் என்னுடையது’ என்பதை ஏழையின் சட்டைப்பையை நோக்கித் திருப்புவது அந்த வசனத்தைத் தலைகீழாக்குவது.

8. இப்போது விளக்கவுரையைத் திறவுங்கள்

உங்கள் நோட்டில் கேள்விகள் சேர்ந்திருக்கும். அவற்றோடு போனால் விளக்கவுரை பயன்படும். மாறுபட்ட மரபுகளிலிருந்து இரண்டு விளக்கவுரைகளையாவது பாருங்கள். இருவரும் ஒத்துப்போகும் இடத்தில் நம்பி நிற்கலாம். பிரியும் இடத்தில் எந்த வசனத்தை வைத்துப் பிரிகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

9. அடுத்த புத்தகங்களுக்குப் போகும்போது மாறுவது எது

எரேமியாவில் தேதிகளை வட்டமிடும் படி இன்னும் அவசியம், ஏனென்றால் அதிகாரங்கள் கால வரிசையில் இல்லை. 21-ஆம் அதிகாரம் கடைசி ராஜா சிதேக்கியாவின் காலம். 25 அதற்கு முந்திய யோயாக்கீமின் நாலாம் வருஷம். ஒவ்வொரு அதிகாரத்தின் தலையிலும் ராஜாவின் பெயரை எழுதிக்கொண்டே போங்கள். எல்லாருக்கும் பிடித்த 29:11, பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் என்கிறது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது 29:5. அவசர விடுதலையை எதிர்பார்த்தவர்களுக்கு வந்த கடிதம் அது.

ஆமோஸ் பெரும்பாலும் கவிதை. ஒரே கருத்தை அடுத்தடுத்த இரண்டு வரிகளில் வேறு சொற்களால் சொல்வது அந்தக் கவிதையின் நடை. இரண்டு வரிக்கும் இரண்டு இரகசியம் தேடாதீர்கள். முதல் இரண்டு அதிகாரத்தில் தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று சுற்றியுள்ளவர்களின் பாதகங்கள் வரிசையாக வருகின்றன. அதன்பின் யூதா, கடைசியில் இஸ்ரவேல். அந்தப் பெயர்களை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களைச் சுற்றி வளையம் எப்படி இறுகியது என்று தெரியும்.

ஆனாலும் ஆகாயை முடித்தவுடன் போக வேண்டிய இடம் சகரியா. அதே ஊர், அதே ஜனம், அதே வருஷம். 1:1-இன் எட்டாம் மாதம் உங்கள் நோட்டில் ஆகாயின் இரண்டாம், மூன்றாம் செய்திகளுக்கு நடுவே வந்து உட்காரும். 1:7-இன் பதினொன்றாம் மாதம் 24 அதற்குக் கீழே. 7:1-ல் தரியுவின் நாலாம் வருஷம் என்று மீண்டும் ஒரு தேதி. 9-ஆம் அதிகாரத்திலிருந்து தேதிகள் நின்றுவிடும், நடையும் மாறும். அங்கே புத்தகத்தை மூடிவிட்டு ஆமோஸுக்குப் போங்கள். கவிதையில் கை பழகிய பிறகு சகரியா 9-க்குத் திரும்பி வரலாம்.